பதிவுபெற்ற விளையாட்டாளர் அல்பிரட்

விளையாட்டாளர் வரைகலை அட்டைப் பாதுகாப்பு அதிகாரசபையின் மன்னார் மாவட்டக் கிளை திறந்து வைக்கப்பட்ட நாளில், மாவட்டம் முழுவதிலும் அப்படியோர் அட்டை வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய அட்டையும் அதற்கு முந்தின கிழமை உப்புக்காற்றில் கறள் பிடித்துச் செத்துப்போயிருந்தது. ஆகவே பாதுகாப்பதற்கு ஒன்றுமே இல்லாத ஊரில், குளிரூட்டி, சுழல்கதிரை, வாசலில் காவலாளி, காவலாளிக்கு ஒரு கதிரை எல்லாவற்றோடும் கந்தோர் இயங்கத் தொடங்கியது. காணி உறுதியைத் தொலைத்துவிட்டு வருசக்கணக்காக அலைகிறவர்கள் அந்தப் புதுக் கட்டடத்தைப் பார்த்து, தங்களுக்குத்தான் ஏதோ திறந்திருக்கிறது என்று நம்பி வரிசையில் நின்றார்கள். காவலாளியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இந்த அதிகாரசபை ஏன் வந்தது என்று சொல்லிவிட வேண்டும். வரைகலை அட்டை, அதாவது கிராபிக்ஸ் கார்ட், கணினிக்குள் செருகுகிற ஒரு பலகை. திரையில் படம் ஓடுவதற்கான கணக்கையெல்லாம் போடுவது அதுதான். கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிறவர்களுக்காகச் செய்தது. பிட்கொயினுக்கும் அதன் தம்பி தங்கச்சி நாணயங்களுக்கும் விலை ஏறியபோது, சிலர் இந்தக் கார்ட்டுகளைக் கடை கடையாக அள்ளிக்கொண்டு போய், இரவு பகலாக ஒரே கணக்கைப் போடவிட்டு, காற்றிலிருந்து நாணயம் எடுத்தார்கள். அதற்கு மைனிங் என்று பெயர். சட்டத்தில் அகழ்வு என்று எழுதினார்கள். கடைகளில் கார்ட் இல்லாமல் போனது. கொழும்பில் பெரிய இடத்துப் பிள்ளைகள் விளையாட முடியாமல் சாப்பிட மறுத்தார்கள். முப்பது வருசச் சண்டையில் பிள்ளைகள் சாப்பிடாமல் கிடந்ததற்கு ஒரு கந்தோரும் திறக்காத நாடு, இதற்கு மாவட்டத்துக்கு ஒன்று திறந்தது.

அந்த ஒரே ஒரு அட்டைக்காரர் அல்பிரட். தாராபுரம் போகிற ரோட்டில், வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் இருந்தார். கலியாணம், கோயிலில் பிள்ளைகளின் புதுநன்மை எல்லாம் படம் பிடிப்பார். ஆனால் அவருக்குச் சோறு போட்டது செத்தவீடு. எங்களுடைய சனத்தில் பாதி வெளியில் இருக்கிறது. தகப்பன் செத்தால் மூத்தவன் கனடாவில், இளையவள் ஜேர்மனியில், நடுவிலான் விசா இல்லாமல் பிரான்சில். ஒருவராலும் வர ஏலாது. எல்லாருக்கும் பார்க்க வேண்டும். அல்பிரட் மூன்று கமெராவோடு வந்து, செத்தவீட்டை அங்கே நடக்கிறபடியே அனுப்பி வைப்பார். பெட்டிக்காரனுக்குச் சொல்லியாச்சோ என்று கேட்கிற வாய், அடுத்ததாக அல்பிரட்டுக்குச் சொல்லியாச்சோ என்றும் கேட்கும். மூன்று கமெராப் படத்தையும் சேர்த்து, சுருக்கி, நடுவழியில் நிற்காமல் அனுப்பினது அந்தக் கார்ட்தான்.

இப்போது அது அவருக்கே தேவைப்பட்டது. அவருடைய தாய் மக்டலினுக்கு இதயம் பலவீனமாகி, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று டொக்டர் அனுப்பிவிட்டார். தொண்ணூறாம் ஆண்டு குடும்பமாக வள்ளம் ஏறித் தமிழ்நாட்டுக்குப் போனவர்கள். சண்டை முடிந்து அல்பிரட்டும் தாயும் திரும்பிவிட்டார்கள். அங்கேயே கலியாணம் முடித்த தம்பி கிறகரி, இராமநாதபுரம் பக்கத்தில் ஒரு முகாமில் நின்றுவிட்டான். பிறகு வரலாம் என்று எழுதிப்போட்ட மனு, இரண்டு நாட்டில் எந்த மேசையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கடலை வள்ளம் ஒன்று விடிவதற்குள் கடந்துவிடும். மனு கடக்கவில்லை.

மக்டலினுக்கு இதெல்லாம் தெரியும். கட்டிலில் சாய்ந்திருந்தபடி சொன்னார்.

"எனக்குப் பாட்டும் கூத்தும் வேண்டாம். கிறகரிக்கு என்ரை முகத்தை வடிவாக் காட்டிப்போட்டுப் பெட்டியை மூடு. அது காணும்."

"போனிலை காட்டலாமே மாமி," என்றாள் மருமகள், அல்பிரட்டின் மனைவி றஞ்சிதம்.

"உன்ரை சித்தப்பாவைக் காட்டினமாதிரியோ?"

றஞ்சிதத்தின் சித்தப்பா செத்தபோது போனைப் பிடித்துத்தான் கிறகரிக்குக் காட்டினார்கள். முகாமில் சிக்னல் நூல் மாதிரி. பெட்டி மூடுகிற நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிட்டது. கிறகரி அரை மணித்தியாலமாக யாரோ ஒருவருடைய அக்குளைப் பார்த்துக்கொண்டு அழுதான்.

அல்பிரட் கார்ட் வாங்க பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தம்புவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். தம்பு கார்ட்டைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தான். "அண்ணை, அதிகாரசபை உத்தரவில்லாமல் இதை உங்களுக்குக் காட்டினதே குற்றம்," என்று சொல்லி அலுமாரிக்கு முன்னால் ஒரு துவாயைத் தொங்கவிட்டான்.

கந்தோரில் உதவிப் பணிப்பாளர் ஜெயகாந்த் மிகவும் மரியாதையான மனிதர். எழும்பி நின்று வரவேற்றார். கதிரையைத் தானே இழுத்துப் போட்டார்.

"இருங்கோ மிஸ்டர் அல்பிரட். அட்டை என்னத்துக்கு?"

"செத்தவீட்டுக்கு சேர்."

ஜெயகாந்த் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அல்பிரட் எல்லாவற்றையும் சொன்னார். தாய், தம்பி, முகாம், சிக்னல், சித்தப்பா, அக்குள். ஜெயகாந்த் இடையில் பேசாமல் கேட்டார். அப்படிக் கேட்கிற அதிகாரியைக் கண்டு அல்பிரட்டுக்கு நம்பிக்கை வந்துவிட்டது, பாவம்.

"உங்கடை கவலை எனக்கு நல்லா விளங்குது," என்றார் ஜெயகாந்த். "ஆனா இந்த அட்டை ஆரின்ரை சொத்து? விளையாடுற பிள்ளையளின்ரை சொத்து. அவையின்ரை கையிலை இருந்து பறிச்சுச் செத்தவீட்டுக்குக் குடுக்கலாமோ? இண்டைக்குச் செத்தவீடு எண்டு விட்டா, நாளைக்கு ஒருத்தன் ஆஸ்பத்திரிக்கு வேணும் எண்டு வருவான். நாளையிண்டைக்கு ஒருத்தன் பள்ளிக்கூடத்துக்கு எண்டு நிப்பான். பிறகு இந்த நாடு எங்கை போய் நிக்கும், சொல்லுங்கோ பாப்பம்?"

ஜெயகாந்த் மேசையில் கிடந்த சட்டப் புத்தகத்தைத் தட்டினார்.

"சட்டம் நல்லாத் தெளிவா இருக்கு. அட்டை வைச்சிருக்கிறவர் ஒண்டில் விளையாட்டாளர், இல்லாட்டி அகழ்வுக்காரர். மூண்டாவது வகை மனிசரைச் சட்டம் அறியாது. நீங்கள் விளையாட்டாளர் இல்லையெண்டு உங்கடை வாயாலையே சொல்லிப்போட்டியள். நான் இப்ப பொலிசுக்குப் போன் அடிக்கவேணும். ஆனா அடிக்கேல்லை. ஏனெண்டா எனக்கும் தாய் இருக்கு."

அல்பிரட் கும்பிட்டார். பிறகு, இப்படியே எழும்பிப் போனால் கிறகரிக்கு முகம் இல்லை என்று நினைத்து, "சேர், நானும் விளையாடுறனான்தான்," என்றார்.

"எப்ப தொடக்கம்?"

"சின்னனிலை இருந்து."

"என்ன விளையாட்டு?"

"கிளித்தட்டு."

"அதிலை வரைகலை இல்லை. தொண்ணூறுக்குப் பிறகு?"

"முகாமிலை கரம்போட் விளையாடினனான்."

"அத்தாட்சி?"

"அகதியா ஓடித்திரிஞ்ச ஆக்களிட்டை அத்தாட்சிக்கு எங்கை சேர் போறது?"

ஜெயகாந்த் பெருமூச்சு விட்டார். "மீளக்குடியேறின எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம். ஓடேக்கை கொஞ்சம் யோசிச்சு ஓடியிருக்கலாம். பரவாயில்லை. உங்களுக்காக விளையாட்டுத் தகைமைப் பரீட்சை வைக்கிறன்."

வீட்டில் இதைக் கேட்டு மக்டலின் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "சின்னனிலை விளையாடாதை விளையாடாதை எண்டு பூவரசங்கம்பாலை வெளுத்தனான். எல்லாம் என்ரை பிழை. போய் ஒழுங்கா விளையாடிப்போட்டு வா."

பரீட்சைச் சபையில் ஜெயகாந்தும், வேறொரு கந்தோரிலிருந்து கையெழுத்துக்காகப் பிடித்துவந்த ஒருவரும், கொழும்பிலிருந்து வந்த நிபுணரும் இருந்தார்கள். சுடுகிற விளையாட்டு ஒன்றைப் போட்டார்கள். ஒரு தீவில் நூறு பேர் இறங்குவார்கள். கிடக்கிற ஆயுதத்தை எடுத்து ஒருவரையொருவர் சுடவேண்டும். பாதுகாப்பான இடம் வர வரச் சுருங்கும், வெளியில் நின்றால் சாவு, கடைசியில் மிஞ்சுகிறவர் வென்றவர் என்று நிபுணர் விளக்கினார். பாதுகாப்பான இடம் சுருங்குவது எப்படி என்று அல்பிரட் கேட்கவில்லை. அந்த மண்டபத்தில் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்ற மனுசிக்குக்கூட அது சண்டைக்காலத்திலிருந்தே தெரிந்திருந்தது.

அல்பிரட் தீவில் இறங்கினார். காலடியில் துவக்கு கிடந்தது. தொடாமல் விலகிப் போனார். நிலத்தில் கிடக்கிற எதையும் தொடக்கூடாது என்று மிதிவெடி எடுக்கிறவர்கள் ஊர் ஊராகப் படம் வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்ததாக ரோட்டால் போகாமல் பற்றைக்குள்ளால் போனார். ஒரு வீட்டைக் கண்டு பின்பக்கமாகப் புகுந்து, யன்னலுக்குக் கீழே படுத்துக்கொண்டார். பதுங்குகுழி இருக்கிறதா என்று நிபுணரிடம் கேட்டார். இந்த விளையாட்டில் அந்த வசதி இல்லை என்றார் நிபுணர். அல்பிரட் தலையைக் குனிந்தபடி அங்கேயே கிடந்தார். இடம் சுருங்குகிறது என்று அறிவித்ததும், மற்றவர்கள் வருவதற்கு முன்னமே எழும்பி அடுத்த வீட்டுக்கு ஓடிப் படுத்தார். வெளியில் வெடிச்சத்தம் கேட்டபடி இருந்தது. நூறு பேர் பத்தானார்கள், பத்துப்பேர் இரண்டானார்கள். மற்றவன் பாதுகாப்பு எல்லைக்குள் ஓடிவர முந்திச் செத்துவிட்டான். திரையில் அல்பிரட்டின் பெயர் பெரிதாக வந்து வாழ்த்தியது.

சபை குழம்பிப் போனது.

"ஒரு வெடிகூட வைக்கேல்லையே," என்றார் ஜெயகாந்த்.

"இல்லை சேர்."

"அப்ப எப்பிடி வெண்டனீங்கள்?"

"வெல்லேல்லை சேர். ஒளிச்சிருந்தனான்."

நிபுணர் தன் குறிப்பைப் பார்த்துக் கேட்டார். "விளையாட்டாளர் என்றால் விளையாடும்போது அவருக்கு இன்பம் உண்டாக வேண்டும். உங்களுக்கு உண்டானதா?"

"கை நடுங்கினது சேர். ஒருக்கா ஒண்டுக்கும் வந்தது."

சபை கூடி ஆராய்ந்தது. வென்றவரைத் தோல்வி என்று எழுத முடியாது. சுடாதவரை விளையாட்டாளர் என்றும் எழுத முடியாது. கடைசியில் அல்பிரட்டுக்கு "தற்காலிக விளையாட்டாளர் (மறைந்திருப்போர் பிரிவு)" என்று பதிவு கிடைத்தது. அப்படியொரு பிரிவு அன்றைக்குத்தான் உண்டாக்கப்பட்டது. நாட்டில் அந்தப் பிரிவுக்கு ஆள் சேர்ப்பது கஷ்டமாக இருக்காது என்று ஜெயகாந்த் பெருமைப்பட்டார்.

கார்ட் கிடைத்தது. அதோடு ஒரு மானியும் ஒட்டித் தந்தார்கள். கார்ட் எப்போது ஓடுகிறது, என்ன கணக்குப் போடுகிறது, எவ்வளவு சூடாகிறது எல்லாவற்றையும் மானி கொழும்புக்கு அறிவிக்கும். பதியாத வேலை ஏதும் செய்தால் கார்ட்டை நிறுத்திவிடும். கிழமைக்குக் குறித்த அளவு விளையாடாவிட்டால் பதிவு ரத்து. இதையெல்லாம் கவனிக்க வெளிக்கள அலுவலர் காமில் வருவார். காமில் தாராபுரத்துக்காரர். அவரும் தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு துரத்தப்பட்டுப் புத்தளத்தில் கிடந்து திரும்பி வந்தவர்தான். மோட்டர் சைக்கிளை விட்டிறங்கும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்குவார்.

"என்ட கையில ஒண்டும் இல்ல அல்பிரட் அண்ணன். மானி நேரா கொழும்போட பேசுது. என்னோட கூடப் பேசாது."

அல்பிரட் தாயைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற நேரம் றஞ்சிதம் விளையாடினாள். அவளுக்குக் கை நடுங்கவில்லை. வீட்டுத்திட்டத்தில் தங்களுக்குச் சுவர் கட்டிவிட்டுக் கூரை போடாமல் ஓடின கொந்தராத்துக்காரனின் பெயரைச் சொல்லிச் சொல்லி வெடி வைத்தாள். மக்டலின் குளித்து முடிந்ததும் கட்டிலில் கிடந்தபடி, "பிள்ளை, அந்த மதிலுக்குப் பின்னாலை ஒருத்தன் குந்திக்கொண்டிருக்கிறான், விடாதை," என்று சொல்லிக் கொடுத்தார். அந்த வீட்டில் அந்த நாட்களில் சிரித்த சிரிப்பெல்லாம் அதிகாரசபையின் புண்ணியத்தில் வந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் காலை மக்டலின் தேத்தண்ணி கேட்டார். றஞ்சிதம் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

அல்பிரட் தம்பிக்குத்தான் முதலில் போன் எடுத்தார். கிறகரி "அண்ணா, முகம் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றார் அல்பிரட். சொல்லிவிட்டு நேரே கந்தோருக்கு ஓடினார். ஏனென்றால் செத்தவீடு என்பது பதியாத வேலை. மானி கார்ட்டை நிறுத்திவிடும்.

ஜெயகாந்த் எழும்பி நின்று, தலையைக் குனிந்து, அல்பிரட்டின் கையைப் பிடித்தார். கண்ணில் உண்மையாகவே தண்ணீர் நின்றது.

"தாயைவிட ஆர் இருக்கினம். நான் சட்டத்தைத் திரும்பவும் முழுக்க வாசிச்சனான். செத்தவீடு எண்ட சொல்லே அதிலை இல்லை. ஆனா நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. விளையாட்டு எண்ட சொல் நிறைய இடத்திலை இருக்கு."

"விளங்கேல்லை சேர்."

"அம்மாவின்ரை செத்தவீட்டை ஒரு விளையாட்டாப் பதிவம்."

ஜெயகாந்த் உற்சாகமாகப் பேனையைத் திறந்தார்.

"விளையாட்டாளர் ஆர்? தம்பி. நல்லம். எதிரி?"

"எதிரியோ?"

"எதிரி இல்லாட்டித் தடையாவது வேணும். தடை இல்லாத விளையாட்டை மேலிடம் ஏற்காது."

அல்பிரட் தலையைச் சொறிந்தார். "கோயிலுக்குப் போற வழியிலை கழுதையள் ரோட்டை மறிச்சுக்கொண்டு நிக்கும் சேர்."

"ஆ! கழுதை. அருமை." எழுதினார். "புள்ளி என்னத்துக்குக் குடுக்கிறது?"

"என்ன புள்ளி சேர், என்ரை அம்மா செத்துக் கிடக்கிறா."

"கோவிக்காதையுங்கோ. உங்களுக்காகத்தானே நானும் மினக்கெடுறன். ஒரு செபத்துக்கு இவ்வளவு, சிலுவை அடையாளத்துக்கு இவ்வளவு எண்டு நானே போட்டுவிடுறன். கடைசியா ஒண்டு. மீண்டும் தொடங்குற பொத்தான். தோத்த ஆள் திரும்பத் தொடங்கிறது விளையாட்டாளரின்ரை அடிப்படை உரிமை. அதுக்காகத்தான் இந்த அதிகாரசபையே இருக்கு."

"செத்தவீட்டை எப்பிடி சேர் திரும்பத் தொடங்கிறது?"

"அது உங்கடை தொழில்நுட்பம். ஆனா பொத்தான் வேலை செய்யவேணும். சும்மா அழகுக்குப் போட்டா அது மோசடி."

அல்பிரட்டுக்கு அந்தச் சுழல்கதிரையைத் தூக்கி யன்னலால் எறியவேண்டும் போல் இருந்தது. இவ்வளவு காலமும் எத்தனை மேசைக்கு முன்னால் நின்றிருப்பார். ஒருநாளும் இப்படி நினைத்ததில்லை. ஆனால் வீட்டில் தாய் கிடந்தார், அக்கரையில் தம்பி காத்துக்கொண்டிருந்தான். காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்து வைத்தார்.

அடுத்தநாள் செத்தவீடு பதிவுபெற்ற விளையாட்டாக நடந்தது. மூன்று கமெராவும் ஓடின. திரையின் மூலையில் "விளையாட்டாளர்: கிறகரி" என்றும் அதன்கீழ் புள்ளியும் தெரிந்தன. செபமாலை சொல்லச் சொல்லப் புள்ளி ஏறியது. பாதர் வந்து திரையைப் பார்த்தார், அல்பிரட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் செபத்தைத் தொடங்கினார். கனடாவிலிருந்து மச்சாள் ஒருத்தி போன் எடுத்து, மாமிக்குத் தான் காசு அனுப்பின காலத்தில் கிறகரி எங்கே இருந்தான், அவனுக்கு மட்டும் என்ன புள்ளி என்று சண்டை பிடித்தாள். காமில் கந்தோர்த் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கணினிக்குப் பக்கத்தில் நின்றார்.

பெட்டி மூடுகிற நேரம் வந்தது. அல்பிரட் கமெராவைத் தாயின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். படம் நிற்கவில்லை. மக்டலின் ஏதோ பகிடி விட்டுவிட்டுக் கண்ணை மூடியவர் மாதிரி இருந்தார். கிறகரி அங்கே கத்தியழுகிற சத்தம் கணினியில் கேட்டது. எல்லாரும் முத்தம் கொடுத்து முடிய, மூடி இறங்கியது. சிலுவை அடையாளத்துக்குப் புள்ளி ஏறியது.

வழியில் கழுதைகள் மறித்துக்கொண்டுதான் நின்றன. "தடை" என்று திரையில் வந்தது. சட்டப்படி கிறகரி பொத்தானை அமர்த்தித் தாண்டவேண்டும். அவன் அமர்த்தினான். கழுதைகள் தங்களுக்கு மனம் வந்தபோது விலகின. கோயில் முடிந்து சேமக்காலையில் மண் போட்டார்கள். பாதர் கடைசிச் செபம் சொன்னார். திரையில் "மீண்டும் தொடங்கு" என்று பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் வந்து நின்றது. அதை யாரும் அமர்த்தினால், அல்பிரட்டின் கணினி செத்தவீட்டுப் படத்தை முதலிலிருந்து ஓட்டி அனுப்பும். காமில் சரி பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்.

அல்பிரட் குளித்துவிட்டு வந்து, அயல்வீட்டார் கொண்டுவந்த சோற்றில் கை வைத்தபோதுதான் கணினி இரைகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். திரையில் தாய் விறாந்தையில் பெட்டிக்குள் கிடந்தார். செபமாலை நடந்துகொண்டிருந்தது. பெட்டி மூடுவதற்குச் சற்று முன்னால் படம் சடாரென்று முதலுக்குப் போனது. திரும்பச் செபமாலை. திரும்ப முத்தம். மூடியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வர, திரும்ப முதலுக்கு.

அவர் போனை எடுத்தார்.

"தம்பி, நீயோ அமத்துறாய்?"

"ஓம் அண்ணா. மூடிறதுக்கு முதல் அமத்தினா அம்மா திரும்ப வீட்டிலை இருக்கிறா. நான் இன்னும் மூட விடேல்லை."

அல்பிரட் சாப்பிட்டியோ என்று கேட்டார். அவன் இல்லை என்றான். கணினியை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. அன்று முழுக்க ஓடியது. அடுத்தநாளும் ஓடியது. விறாந்தையில் வந்திருந்த ஆட்கள் போய்விட்டார்கள். கார்ட் கொதித்தது. றஞ்சிதம் சமையலறை விசிறியைக் கொண்டுவந்து அதன் பக்கம் திருப்பி வைத்தாள்.

அதற்கு மறுநாள் அதிகாரசபையின் வாகனம் வந்தது. ஜெயகாந்த் இறங்கினார், பின்னால் காமில், அவருக்குப் பின்னால் அட்டையை எடுத்துப்போக ஒரு பெட்டியோடு காவலாளி.

"மிஸ்டர் அல்பிரட், நான் உங்களை நம்பினனான்," என்றார் ஜெயகாந்த். குரலில் உண்மையான வேதனை இருந்தது. "மானி சொன்னதைக் கேட்டுக் கொழும்பிலை ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்லை. ஒரே கணக்கு. இரவு பகல் இல்லாமல் அதே கணக்கு. எந்த விளையாட்டாளரும் ஓய்வில்லாமல் ஒரே இடத்திலை நிண்டு இப்பிடி விளையாடமாட்டான். அலுத்துப்போய் எழும்புவான். இது அகழ்வு."

"இல்லை சேர். தம்பி அமத்துறான். வந்து பாருங்கோ."

ஜெயகாந்த் வந்து பார்த்தார். செபமாலை, முத்தம், திரும்ப முதலுக்கு. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"அவருக்கு இதாலை என்ன கிடைக்குது?"

"ஒண்டும் கிடைக்காது சேர்."

"கிடைக்காத ஒண்டை எடுக்கலாமெண்டு ஒரே கணக்கைத் திருப்பித் திருப்பிப் போடுறது. அகழ்வுக்கு வரைவிலக்கணமே அதுதான். பொத்தானைப் பிழையான விதத்திலை பாவிச்சிருக்கிறார். அட்டையைக் கழட்டுங்கோ."

காவலாளி பெட்டியைத் திறந்தான். காமில் முன்னால் வந்து நின்றார்.

"சேர், விளையாட்டு நடக்கக்குள்ள பாதியில கழட்ட ஏலாது. விதி இருக்கு. முடிய விடணும்."

ஜெயகாந்த் யோசித்தார். விதி என்ற சொல்லைக் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. "சரி. முடியட்டும்."

அல்பிரட் போனை எடுத்தார்.

"தம்பி, கந்தோர் ஆக்கள் வந்திருக்கினம். இனி அமத்தாதை."

"ஒருக்கா அண்ணா. கடைசியா ஒருக்கா."

"ஓம். ஒருக்கா பார். பிறகு மூட விடு. அம்மா பாவமடா. அவவை இப்பிடி எத்தினை நாளைக்கு வைச்சிருக்கப்போறாய்?"

கணினியில் தாய் திரும்ப விறாந்தைக்கு வந்தார். றஞ்சிதம் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். காமில் தொப்பியைக் கழற்றினார். காவலாளியும் எதற்கென்று தெரியாமல் கழற்றினான். ஜெயகாந்த் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். செபமாலை முடிந்தது. ஒவ்வொருவராக வந்து முத்தம் கொடுத்தார்கள். மூடியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். படம் முதலுக்குப் போகவில்லை. மூடி இறங்கியது. போனில் கிறகரி மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை, அவன் வைத்துவிட்டான். கோயிலும் சேமக்காலையும் ஒருவரும் பார்க்காமலே ஓடி முடிந்தன.

காவலாளி கார்ட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தான். கார்ட் இன்னும் சுட்டது, கையை உதறினான். ஜெயகாந்த் விளையாட்டுப் பதிவுக் கோவையைத் திறந்து அல்பிரட்டிடம் நீட்டினார்.

"விளையாட்டு முடிஞ்சுது எண்டு பதியவேணும். இந்தக் கட்டத்திலை வென்றவர் ஆர் எண்டு எழுதிப்போட்டு, கீழை ஒரு கையெழுத்து. வெறுமையா விடேலாது."

அல்பிரட் பேனையை வாங்கி, ஒரு எழுத்தும் விடாமல், "விளையாட்டாளர் வரைகலை அட்டைப் பாதுகாப்பு அதிகாரசபை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

ஜெயகாந்த் வாசித்துப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது. இத்தனை காலத்தில் பொதுமக்கள் ஒருவர் தங்களுடைய சேவையை இப்படி மனம் திறந்து பாராட்டியது இதுதான் முதல் தடவை என்றார். கொழும்புக்கு அனுப்ப ஒரு பிரதி எடுக்கச் சொல்லிக் கோவையைக் காமிலிடம் நீட்டினார்.

காமில் கையை நீட்டவில்லை.